பிந்தி வந்த அடிக்குரல்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோவில் பாடகர் குழுவில் ஆண்குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தது போரின் கடைசி வருடங்களில். ஒருவரை விசாரணைக்கென்று பொலிஸ் கூட்டிப்போனது. விட்ட கையோடு அவர் நாட்டை விட்டுப் போனார். இன்னொருவர் தம்பி காணாமல் போன பிறகு போனார். என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்தவர். இரண்டு முறை அவரை வழியில் மறித்து ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்றாம் முறைக்கு நான் அவரை இருக்கவிடவில்லை. இப்படிப் போன ஐந்து பேரும் பாரிசுக்குப் பக்கத்தில் ஒரே ஊரில் சேர்ந்தார்கள். அப்போது யாருக்கும் விசா சரிவந்திருக்கவில்லை.

அந்த வருடம் கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கியபோது கீழ்ச்சுருதியில் பாடும் அடிக்குரலுக்கு மிஞ்சியிருந்தவர் குவயர் மாஸ்டர் மட்டும். புதுக்கடையில் கோர்ட்டில் வழக்காடும் ஒரு அப்புக்காத்தரிடம் கிளார்க்காக இருந்தவர். அவரே கையசைத்து நடத்தவும் வேண்டும், பாடவும் வேண்டும். இதைத் தொலைபேசியில் என் கணவரிடம் சொன்னேன்.

"நாங்கள் இங்கயிருந்து பாடினால் என்ன?" என்றார்.

பகிடி என்று நினைத்தேன். இல்லை, அவர் ஏற்கெனவே மற்ற நான்கு பேரோடும் கதைத்திருந்தார்.

புறக்கோட்டையில் நான் வேலை செய்த கந்தோரில் கணினிகளைப் பார்த்துக்கொண்ட பெண் ஒருத்தி இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டேன்.

"செய்யலாம் அக்கா. காசு குடுத்து ஒண்டும் வாங்கத் தேவையில்ல. இலவச மென்பொருள் இருக்கு. அதைத் திறந்து பாத்து எங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தவும் விடுவினம். உங்கட கோயில் இன்ரநெற் லைன் மெதுவான லைன் எண்டா மாத்தத்தான் வேணும்."

ஞாயிறு பின்னேரம் மடிக்கணினியும் வயர்களும் நிறைந்த பையோடு பஸ்ஸில் வந்தாள். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கிப் பையைக் கொட்டச் சொன்னார்களாம். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. கூடவே ஒரு மைக், ஒரு கமரா. எதற்கு என்று கேட்டதற்குக் கோவில் பாட்டுக்கு என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். ஒரு பாட்டைப் பாடிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

"பாடினீங்களா?"

"எனக்கு உங்கட பாட்டு ஒண்டும் தெரியாதே அக்கா. தேவாரத்தில ரெண்டு வரி பாடினன். போகச் சொல்லிட்டினம்."

கோவில் மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி அதில் பாரிசிலிருந்து வந்த படத்தை விழுத்தினாள். ஐந்து பேரும் ஒரு சுவரோடு ஒட்டி நின்றார்கள், தடித்த ஜக்கெட்டுகளோடு. என் கணவர் மெலிந்திருந்தார். தொலைபேசியில் அது தெரியவில்லை. படம் சதுரம் சதுரமாக உடைந்து உடைந்து சேர்ந்தது. மாஸ்டர் தொண்டையைக் கனைத்துவிட்டு, "சரி, முதல் பாட்டு" என்றார்.

நாங்கள் முதல் வரியைப் பாடி முடிக்கும் நேரத்தில்தான் அவர்களுடைய முதல் வரி வந்து சேர்ந்தது. அவர்களுக்காக நாங்கள் நின்றோம். நாங்கள் நின்றது போய்ச் சேர, அவர்களும் நின்றார்கள். திரும்பத் தொடங்கியபோதும் அதே கதிதான்.

"அவங்கள் பிந்துறாங்கள்," என்றார் மாஸ்டர்.

"அவை பிந்தேல்ல மாஸ்டர். நீங்கள் பாடுறது போகவும் நேரம் எடுக்குது, அவையள் பாடுறது வரவும் நேரம் எடுக்குது," என்றாள் அவள். படத்தைச் சிறிதாக்கினாள், மென்பொருளுக்குள் போய் எதையெதையோ மாற்றினாள். இடைவெளி குறைந்தது. ஆனால் இல்லாமல் போகவில்லை.

அங்கிருந்து என் கணவர் சொன்னார்: "உங்கட பக்கம் ஸ்பீக்கரை நிப்பாட்டுங்கோ. எங்களைக் கேக்காமல் பாடுங்கோ. நாங்கள் உங்களோட சேர்ந்து வாறம்."

அப்படியே செய்தோம். பெண்கள் நாங்களும் மாஸ்டருமாக, அடியில் அவருடைய ஒற்றைக் குரலோடு பாடினோம். துணியில் ஐந்து வாய்களும் சத்தமில்லாமல் அசைந்தன. பாட்டு முடிந்த பிறகு அங்கே ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஸ்பீக்கரைப் போட்டதும் அவர் குரல் வந்தது.

"முழுக் குவயரும் கேட்டது. பழைய மாதிரியே."

எங்களுக்குக் கேட்கவில்லை.

ஆனால் வழிபாட்டுக்கு வரும் சனம் அவர்களுடைய குரலைக் கேட்க வேண்டாமா? அந்த ஐந்து பேரின் தாய்மார்களும் பெண்சாதிமாரும் முன் வாங்கில் வந்து இருப்பார்களே. கணினிப் பிள்ளைதான் வழி சொன்னாள்: அன்றைக்கு அவர்கள் முதலில் பாடட்டும், நாங்கள் அதைக் கேட்டுச் சேர்ந்துகொள்வோம். அப்படியென்றால் அங்கே அவர்கள் ஸ்பீக்கரை நிறுத்திவிட வேண்டும். மெட்டைப் பிடிக்கிற குரல் இல்லாமல், வெறும் அடிக்குரலை அவர்கள் தனியே கொண்டுபோக வேண்டும்.

கொண்டுபோனார்கள். கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு, நிறைந்த கோவிலில் அந்தக் குரல்கள் ஸ்பீக்கரில் கரகரத்துக்கொண்டு வந்தன. அவற்றின்மேல் எங்கள் குரல்களை ஏற்றினோம். இரண்டாவது பாட்டில் கொஞ்சம் வேகமெடுத்து ஓடினார்கள். மாஸ்டர் எங்களையும் சேர்த்து ஓட வைத்தார். ஐந்தில் எது அவருடைய குரல் என்று எனக்குத் தெரிந்தது. நான் எத்தனையோ வருடம் அதற்கு முன் வரிசையில் நின்று பாடியவள். ஒரு பாட்டில் எனக்குக் குரல் வரவேயில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.

முடிந்ததும் அவள் வயர்களைச் சுருட்டினாள். பஸ் தரிப்பிடம் வரை கூடப் போனேன்.

"உங்கட அம்மாவுக்கும் இப்பிடி ஏதாவது செய்யலாமே?" என்றேன்.

"யாழ்ப்பாணத்துக்கோ? சண்டையால பாதை பூட்டின பிறகு லைன் கிடைக்கிறதே பெரிய பாடு அக்கா. பாரிஸ்தான் கிட்ட."

அடுத்த வருடம் அவள் அம்மாவைக் கப்பலில் எப்படியோ கொழும்புக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

கோவிலில் பாடிய மறுநாள் காலை என் கணவர் அழைத்தார்.

"கேட்டதா?"

"கேட்டது. ரெண்டாவது பாட்டில ஓடிட்டீங்கள்."

"தெரியும். பிடிக்க ஒண்டும் இல்லையே." பிறகு சொன்னார்: "உம்மட குரல்தான் எனக்குக் கேக்கேல்ல. இப்ப பாடுமன்."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அகப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பாடினேன். எனக்குத் தெரிந்தது என்னுடைய இரண்டாம் குரல் மட்டுந்தான். மெட்டு வேறு பெண்களுடையது. அவர் அந்தப் பக்கத்திலிருந்து அடிக்குரலைப் பிடித்தார். மெட்டில்லாத அந்தப் பாட்டைப் பக்கத்து வீட்டில் யாரும் கேட்டிருந்தால் இது என்ன பாட்டு என்று விளங்கியிருக்காது. விசா கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் காலையில் நாங்கள் இப்படித்தான் பாடினோம்.