மூத்தவள் பக்கத்துக் கணக்கு

என் அக்காள் பிள்ளைகள் இருவருக்கும் வாழ்க்கைப்பட்டவர்கள் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். மூத்தவள் படித்தவள், பேச்சை அளந்துதான் விடுவாள். இளையவளுக்கு நாலு பேரிடம் வம்பளக்காவிட்டால் சோறு இறங்காது. வேலைக்கென்று கூட்டிப்போய்த் திரும்ப விடாத ஆள்கடத்தலில் சிக்கியவர்கள் எத்தனை பேர் என்று அரசாங்கம் கணக்கெடுத்தபோது இருவருக்குமே அந்த வேலை கிடைத்தது. கணக்கில் வந்தால்தான் தேடுவார்களாம். தெருவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

மூத்தவள் அதிகாரி சொல்லிக்கொடுத்தபடியே கேட்டாள்: "உங்க வீட்ல யாரையாவது கடத்திட்டாங்களா?"

ஒரு பெரியவர் பதறிப்போனார். "கடத்தலா? பொட்டுத் தங்கம் கிடையாதும்மா. வேணும்னா பீரோவைத் திறந்து பாத்துக்கோ."

மற்றவர்கள் சிரித்தபடி இல்லை என்றார்கள். இளையவள் பக்கத்திலோ கணக்கு ஏறிக்கொண்டே போனது. அதிகாரி எல்லார் முன்னாலும் இளையவளை மெச்சிவிட்டு மூத்தவளிடம், "ஒரு தடவை அவங்ககூடப் போய்ப் பாருங்கம்மா" என்றார். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் போனாள்.

தையல்காரி வீட்டில் இளையவள் காலை நீட்டி உட்கார்ந்து, கிடந்த சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள்.

"உங்க பெரிய பொண்ணு எங்கக்கா?"

"வெளிநாட்ல, வீட்டு வேலைக்கு. போன்ல நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா."

"பேசறப்ப பக்கத்துல யாராச்சும் நிக்கிறாங்களா? வரணும்னு நினைச்சா கிளம்பி வந்துட முடியுமா?"

தையல்காரி மிஷினை நிறுத்தினாள். பிறகு அழுதாள்.

தெருவுக்கு வந்ததும் மூத்தவள் வெடித்தாள். "அழ வைக்கிறதெல்லாம் ஒரு திறமையா? வம்பளக்க அரசாங்கச் சம்பளம் வேற!"

"உங்க மூஞ்சியப் பாத்தா யாருக்குக்கா வம்பளக்கத் தோணும்?" என்று சிரித்தாள் இளையவள். பிறகு தயங்கினாள். "உங்க தங்கச்சிகிட்டயும் ஒரு வார்த்தை..."

"அவ வேலைக்குப் போயிருக்கா. சொந்தச் சித்தப்பாதான் கூட்டிட்டுப் போனாரு. அவளையும் சேத்துக்கிட்டு நல்ல பேர் வாங்கப் பாக்குறியா?"

அந்தத் தங்கை மூத்தவள் கூடவே வைத்து வளர்த்த பெண். மறுநாள் மத்தியானம் அவள் போனில் வழக்கம்போல, "நல்லா இருக்கேன்க்கா" என்றாள். பின்னால் ஓர் ஆண் இருமினான். எப்போது பேசினாலும் கேட்கிற இருமல்தான். யாரோ என்று மூத்தவள் விட்டுவிடுவாள்.

"பக்கத்துல யாருடி?"

"நீ சாப்பிட்டியாக்கா?" என்றாள் தங்கை.

"வரணும்னா வந்துட முடியுமா?"

போன் துண்டிக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

மூத்தவள் கீழே இறங்கி வந்தாள். இளையவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு. அதிகாரிகிட்டப் போகணும். எனக்குச் சொல்ல வராது, நீதான் பேசணும்."

இளையவள் வெங்காயத்தை அப்படியே போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். செருப்பை மாட்டும்போது மூத்தவள் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். மூத்தவளுக்கு அழுது கண் சிவந்திருந்தது.

"ஒண்ணு சொல்லிடறேன். அவ என் வீட்லேர்ந்து போனவ. என் பக்கத்துக் கணக்குலதான் எழுதணும். உன் கணக்குல ஏற விடமாட்டேன்."