புகை மணத்த புல்விதை

கண்டி மஹய்யாவையில் கல்வீடு கட்டினேன். இரண்டு மாட்டுவண்டி வாங்கினேன். கண்டிக் குதிரைக் கொட்டில்களுக்கெல்லாம் புல் போட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. கையெழுத்து மட்டும் போடுவேன், மற்றதெல்லாம் வாய்ச்சாமர்த்தியம். இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. பன்விலப் பக்கம் ரோட்டுக்கு மேலே ஒரு சரிவு முழுக்க மானாப்புல் அலையடிக்கிறதே, அது தானாக வந்ததில்லை. வரவைத்தவன் நான்.

1. துரை கொடுத்த கொந்தராத்து

முப்பதுகளின் தொடக்கம். மோட்டார் கார் பெருகி, குதிரை குறைந்து, என் புல் வியாபாரம் படுத்துவிட்டது. அப்போதுதான் தேயிலைத் தோட்டத்துத் துரை தன் ஆபீசுக்கு, கந்தோருக்குக் கூப்பிட்டார். தேயிலை பிடிக்காமல் கைவிட்ட சரிவில் மண் கழுவிக்கொண்டு போகிறது, மலைமேல் பத்தனைப் புல்வெளியில் என்ன புல் இருக்கிறதோ அதன் விதையையே பொறுக்கி வந்து தூவவேண்டும் என்றார். சீமைப்புல் கூடாதாம்.

எனக்குச் சந்தேகம். புல்லுக்குக் காசு கொடுப்பார்கள். புல்விதைக்கு யார் கொடுப்பார்? அடியில் ரத்தினக்கல் கிடக்கிறதோ என்று சரிவில் இரண்டு இடம் தோண்டியே பார்த்தேன். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. பிறகுதான் அந்த ஒப்பந்த வேலைக்கு, கொந்தராத்துக்கு, ஒப்புக்கொண்டேன். நானும் தோட்டத்துப் பெண்களும் கதிர் கொய்யப் போனால் கிராமத்துச் சிங்களவர்கள் மாடு மேய்க்கிற நிலத்தைப் பிடுங்க வந்தோமென்று ஓரமாக நின்று பார்ப்பார்கள். ஒருத்தரும் ஒருத்தரை நம்பாத வேலை அது.

முதல் விதைப்பு முளைக்கவேயில்லை. கந்தோரில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் என்னைக் கதிரையில் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"என்ன காணும், பதரை அள்ளிக்கொண்டு வந்து தள்ளிப்போட்டீரோ?"

"ஐயா, வெயில்ல படங்கு விரிச்சு நானே காயவச்ச வெதைங்க."

"அடுத்ததும் முளைக்காட்டி கொந்தராத்து இல்லை. பொலிசுக்கும் சொல்லுவன்."

மஹய்யாவையில் கள்ளன் என்று பெயர் வாங்கிவிட்டு நான் எங்கே போய் வாழ்வது?

2. இரண்டு கதிரை

அடுத்த தடவை சாக்குகளை ஒவ்வொன்றாக முகர்ந்தேன். ஒன்றில் புகை மணத்தது. கதிர் கொய்யும் பெண்களுக்குத் தலைவி அங்கம்மாவின் சாக்கு அது. கிளாக்கர் அவளுக்கு ஏதோ கொடுத்து விதையை வறுக்கச் சொல்லியிருக்கிறார், கொந்தராத்தைத் தன் ஆளுக்கு வாங்கத்தான் என்று எனக்குப் பட்டது. சரிவுக்குக் கீழே தொழிலாளர் குடியிருப்பான அவளுடைய லயத்துக்கே போனேன்.

"யாரு சொல்லி வறுத்த?"

"வறுக்க இது என்ன கடலையா? மழையில நனைஞ்சு போச்சு, சோளக்கதிரத் தொங்கவிடுற மாதிரி அடுப்புக்கு மேல தொங்கவிட்டேன். வேற எங்க காயப்போட? ஒங்க தலையிலயா?"

"கிளாக்கர் என்ன குடுத்தாரு?"

"ஏங்க, அந்த மண்ணு சரிஞ்சா மொதல்ல எங் கூரை மேலதான் விழும். நானா வெதையக் கெடுப்பேன்?"

ஆனாலும் அந்தச் சாக்கைத் தனியே வைத்தேன். கிளாக்கர் அதை மோப்பம் பிடித்துவிட்டார். "வறுத்த விதை! துரைக்குக் காட்டுறன்" என்று கந்தோர் முற்றத்தில் இரண்டு பாத்தி போடச் சொன்னார். ஒன்றில் என் வெயில் விதை, மற்றதில் புகை விதை.

இரவில் நான் மாற்றித் தூவிவிடுவேன் என்று அவருக்குப் பயம். அவர் வெந்நீர் ஊற்றிவிடுவார் என்று எனக்குப் பயம். அவர் கதிரை போட்டுக் குடையோடு ஒரு பக்கம் உட்கார்ந்தார். நானும் வீட்டிலிருந்து ஒரு கதிரை கொண்டுவந்து மறுபக்கம் உட்கார்ந்தேன். விதைச்சாக்கு இறக்க வந்த அங்கம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரெண்டு பேரும் இப்படி மொறைச்சுக்கிட்டிருந்தா புல்லு வெக்கப்பட்டு உள்ளயே இருந்துக்கும்."

வெயில் பாத்தி வெறும் மண்ணாகவே கிடந்தது. புகைப் பாத்தி பச்சையாகக் கிளம்பியது.

கிளாக்கர் குனிந்து ஒரு முளையைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டேன் என்று நினைத்திருப்பார். "இரவில கண்ணயர்ந்திட்டனோ?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

எனக்கு அந்த நிமிஷமே பிடிபட்டது. பத்தனைக்கு வருஷாவருஷம் வறட்சிக் காலத்தில் கிராமத்தார் நெருப்பு வைக்கிறார்கள். மழை விழுந்ததும் அந்தக் கரியில்தானே புல் வருகிறது? புகை படாத விதைக்கு எழும்பத் தோன்றவில்லை. துரையிடம் இதைச் சொன்னவன் நான். லயத்து அடுப்புகளுக்கு மேலெல்லாம் கதிர்க்கட்டுத் தொங்கவிட ஏற்பாடு செய்தவனும் நான். அந்த விதையைத் தூவியதும் புல் பிடித்துக்கொண்டது, அடுத்த பெருமழைக்குச் சரிவு அசையவில்லை. அங்கம்மா கூரையில் ஒரு கல்லும் விழவில்லை.

விதை பொறுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆளைச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் புல் தன் இடத்தில் எதையெல்லாம் பட்டு வளருகிறது என்று முதலில் பாருங்கள்.

இப்போது அந்தச் சரிவில் ஒரு பலகை நிற்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்களைக் கூட்டிப்போய்க் கேட்டேன். துரை பெயர் இருக்கிறதாம், கிளாக்கர் பெயரும் இருக்கிறதாம். யார் எழுதக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பலகையைக் கழற்றுங்கள். என் பெயரை மேலே எழுதுங்கள். அடுத்த வரியில் அங்கம்மா. கிளாக்கர் காவல் இருந்ததும் உண்மைதான். இடம் மிஞ்சினால் அவரையும் போடுங்கள்.