தொட்டிக்குப் பின்னால் ஒரு ஆண்டெனா

கீழக்குயில்குடியில் பாண்டிமீனாவின் வகையறாவில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் பில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற வேலை. கம்பெனி கோச்சடையில், வேலை வீட்டிலிருந்தே. அந்த ஒரு வசதிக்காகத்தான் அவள் இந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். ஆபீஸுக்குப் போவதென்றால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரண்டு பஸ் வேறு மாற வேண்டும். மகள் பவதாரிணி எழுந்திருப்பதற்கு முன்னால் கிளம்பி, அவள் தூங்கிய பிறகுதான் வீடு திரும்ப முடியும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை.

அதற்குத்தான் வேட்டு வைத்தது கம்பெனி. உன் வீட்டு நெட் அடிக்கடி அறுந்து போகிறது, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை, முக்கால் மணி நேரம் அறாமல் ஓடினால் வீட்டிலேயே இரு, இல்லையென்றால் மறுநாளே ஆபீஸுக்கு வந்துவிடு என்று மெயில் வந்தது.

அவர்கள் தெருவுக்குக் கேபிள் நெட் இன்னும் வரவில்லை. சிம் போட்ட ரவுட்டர்தான். மாடியில் வெளி ஆண்டெனா வைத்து டவரைப் பார்த்துத் திருப்பினால் நிற்கும் என்று திருமங்கலத்துக் கடைக்காரர் சொன்னதை நம்பி, மீன்முள் மாதிரி ஒன்றை வாங்கி வந்தாள். மாடியின் வடகிழக்கு மூலையில் நின்றால் மதுரைப் பக்கத்து டவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். எவருக்கும் அங்கேதான் வைக்கத் தோன்றும். அவள் புருஷன் சிவபாண்டிக்கு மட்டும் தோன்றவில்லை.

சிவபாண்டி கொத்தனார். சுத்துப்பட்டியில் வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் மூலை பார்த்துச் சொல்கிறவன். வடகிழக்கான ஈசானி மூலையில் பாரம் ஏற்றக்கூடாது, உயரமாக எது நின்றாலும் எதிரே தென்மேற்கில் கன்னி மூலையில்தான் நிற்க வேண்டும் என்பது அவன் சட்டம். தன் வீட்டு ஈசானியிலேயே கம்பி நட்டால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று கேட்டான். தண்ணீர்த் தொட்டியும் அதே சட்டப்படி கன்னி மூலையில்தான் இருந்தது. தொட்டிக்குப் பின்னால் இரும்புக் குழாயை நட்டு, சிமெண்டு போட்டு இறுக்கி, ஆண்டெனாவை மாட்டிவிட்டு இறங்கினான்.

அதற்குப் பிறகு பாண்டிமீனா பட்ட பாடு கொஞ்சமில்லை. அவன் மேலே நின்று திருப்புவான், இவள் கீழே நின்று டவர் எடுக்குது, எடுக்கலை என்று தொண்டை வற்றக் கத்துவாள். சாயங்காலம் சிக்னல் நாலு கட்டை நிற்கும். காலையில் ஒன்றுகூட நிற்காது. வயரை மாற்றினாள், சிம்மை மாற்றினாள், ரவுட்டரைத் துடைத்துக்கூடப் பார்த்தாள். எரிச்சலில் ஒரு நாள் சோற்றையும் அடிப்பிடிக்க விட்டாள்.

சனிக்கிழமை போர்வைகளைத் துவைத்ததில் தொட்டி காலியானது. நெட் பறந்தது. மறுபடி போர்வெல் மோட்டார் போட்டுத் தொட்டி நிறைந்ததும் செத்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் தொட்டி நிறைந்திருக்கும், சாயங்காலம் வற்றியிருக்கும். அத்தனை தண்ணீரைத் தாண்டி டவர் வரவில்லை, அவ்வளவுதான் சங்கதி.

சிவபாண்டியிடம் சொன்னாள். அவன் சிரித்தான். கண்ணுக்கே தெரியாத நெட்டைத் தண்ணி எப்படி மறைக்கும் என்றான். குழாயைப் பிடுங்க இரண்டு ஆள் வேண்டும், கையிலிருக்கிற கான்கிரீட் வேலை முடியட்டும், அப்படியே பிடுங்கினாலும் ஈசானியில் நட மாட்டேன் என்றான். வீடு வீடாகப் போய் மூலை சொல்கிறவனுக்குப் பெண்டாட்டி சொல் மட்டும் காதில் ஏறாது.

திங்கட்கிழமை விடிந்ததும் அவன் வேலைக்குப் போய்விட்டான். பாண்டிமீனா தொட்டித் தண்ணீரையெல்லாம் அண்டா, வாளி என்று கிடைத்ததில் பிடித்து வைத்தாள். மாமனார் மொக்கைச்சாமியிடம், தனக்குப் பரீட்சை, பதினொரு மணி வரைக்கும் மோட்டார் போட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். பத்து மணிக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்தாள். சோதனை முடியும்வரை எழுந்திருக்கக்கூடாது என்பது விதி. பத்து நிமிடம், இருபது நிமிடம், நெட் ஜம்மென்று ஓடியது. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் படம் திணறியது. நாற்பதில் அறுந்தது. மறுபடி வரவே இல்லை.

மாடிக்கு ஓடினாள். மொக்கைச்சாமி வேர்வையில் நனைந்து, கையில் காலிக் குடத்தோடு தொட்டியருகே நின்றார். மூன்று நாளைக்கு ஒரு முறை அரை மணி நேரம் மட்டும் வருகிற பஞ்சாயத்துத் தண்ணீர் அன்று பார்த்து வந்திருந்தது. அண்டா, வாளியெல்லாம் நிறைந்திருக்க, பிடித்து ஊற்றக் காலித் தொட்டிதான் மிச்சம்.

"மோட்டார் போடலத்தா. சத்தம் ஒனக்கு எடஞ்சலா இருக்கும்னு குடத்துலயே தூக்கியாந்து ஊத்திட்டேன். இருபது குடம்" என்றார். படியேறும்போது செருப்பைக்கூடக் கழற்றி வைத்திருந்தார் மனுஷன்.

அவரிடம் என்னவென்று கோபப்படுவது? தண்ணீர்தான் தடை என்பதை அவரிடம் அவள் சொல்லவே இல்லையே. தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து அழுதாள். பரீட்சை கஷ்டமா என்று அவர் கேட்டார்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் சிவபாண்டி கடப்பாரையை எடுத்தான். பக்கத்து வீட்டு நல்லகாமனைக் கூப்பிட்டுக்கொண்டு மாடியேறினான். உடைத்த சிமெண்டு தூள் முற்றம் வரைக்கும் விழுந்தது. குழாய் ஈசானி மூலையில் ஏறியது.

"இந்தா பாரு மீனா, முழுசா எடுக்குது. எம்புட்டு வேகம்னு பாரு" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தான்.

"காலைல பத்து மணிக்கு வேணும்னுதாங்க கெஞ்சுனேன்" என்றாள் அவள். மறுநாளைக்குக் கட்ட வேண்டிய சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு ஆபீஸ் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து வீடியோ கால். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் பவதாரிணி திரையில் நின்றாள். நெற்றிப் பொட்டு கலைந்திருந்ததுகூடத் தெரிந்தது.

"அம்மா, நீ தெளிவாத் தெரியுற. எப்ப வருவ?"

ராத்திரி என்று சொன்னாள். நான் முழிச்சிருக்கையில வருவியா என்று பிள்ளை கேட்டது. இந்த லைன் இப்போது அறுந்து தொலையக்கூடாதா என்று நினைத்தாள். லைன் அறுந்து போகவே இல்லை.