கப்பலில் பையை யார் பார்த்துக்கொள்வது?

மகன் கேட்டுக்கொண்டதால், குடும்பத்தோடு கப்பல் பயணம், கூடவே தீம் பார்க் என்று விசாரிக்க இன்று மனைவியுடன் திருத்தணி டிராவல்ஸ் கடைக்குப் போனேன்.

அங்கே காட்டிய கப்பல் படங்களைப் பார்த்துவிட்டு அவள் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எல்லாரும் மேல சுத்திப் பாக்கறப்போ, பைய யாருங்க பாத்துகினு இருப்பாங்க?"

"ரூமுக்குப் பூட்டு இருக்கும்மா," என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்ணூறுகளில் பிள்ளைகளோடு முட்டுக்காட்டில் படகு ஏறினோம், பிறகு ராட்டினம். இரண்டு இடத்திலும் செருப்புக்கும் புளிச்சோற்றுத் தூக்குக்கும் காவலாக அவள் ஏறாமல் நின்று கையசைத்தாள். நானும் பதிலுக்குக் கையசைத்தேன், அதோடு சரி.

"அப்ப நானும் ஏறலாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆங், நீதான் முதல்ல ஏறணும்."

உங்கள் பழைய சுற்றுலாப் படங்களை எடுத்துப் பாருங்கள். படகில் இல்லாதவர் யார்?