தார்மணல் ஊரில் ஒரு கப்று

இந்த ஊரில் ரொட்டி வெட்டுவதற்கு முன் கத்தியை மண்ணெண்ணெயில் துடைக்க வேண்டும். ஆற்றங்கரை மணலெல்லாம் தார்; சப்பாத்தில், கதவுப்பிடியில், கத்தியில் ஒட்டும். அந்த மணலைக் கொதிநீரில் போட்டு எண்ணெய் பிரிக்கும் ஆலையில் நான் சமையல்காரன். பெரிய யுத்தம் முடிந்து பத்து வருஷம் கழித்துக் கொழும்பில் கப்பலேறிய கம்பளைக்காரன், கனடாவின் வடக்கு மூலையில் வந்து ஒட்டிக்கொண்டேன்.

ஊர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். எல்லைக்கு எல்லை நாய்வண்டியில் நாலு நாள். கண்டிச் சீமை முழுவதையும் உள்ளே வைத்துப் பூட்டலாம். சனமோ கம்பளைச் சந்தையில் மீன்காரன் முன்னால் நிற்கும் கூட்டத்துக்குக் காணாது. அதற்கும் ஒரு நகரசபை, சபைக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு தொப்பி. உலகத்துக்கே எண்ணெய் தரப்போவதாக அவர் முழங்கும் மண்டபத்தில் எரிவது மெழுகுவர்த்தி.

என்னோடு கப்பல் குசினியில் சமையல் வேலை செய்து, என்னோடே இங்கு வந்தவன் கெலிஓயாக் காசிம். தை மாதக் குளிரில் சளி கட்டி மௌத்தானான். நம்மூரில் காலையில் மௌத்தானால் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அடக்கிவிடுவோம். இங்கே நிலம் கல்லாய் உறைந்துவிடும். மையித்தை விறகுக் கொட்டிலில் வைத்து வைகாசியில் புதைப்பார்கள். தலைவர் இதை ஏதோ பெரிய வசதிபோலச் சொன்னார். தாமதிக்கக் கூடாது, ஆறடி நிலம் தாருங்கள் என்று கப்பல் இங்கிலீஷில் கேட்டேன். காணிக்கு உறுதிப்பத்திரம் கேட்கிறேன் என்று நினைத்து, அந்நியருக்கு விற்பதில்லை என்றார். இத்தனை காட்டை வைத்துக்கொண்டு ஆறடிக்குச் சட்டம் பேசுகிற பிறவிகள்.

பிறகு யாரையும் கேட்கவில்லை. ஆலைக்குப் பின்னால் தார்மணலைப் பரப்பிக் கொளுத்தினேன். இரண்டு நாள் எரிந்து நிலம் இளகியது. அந்த மணல் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். கப்றுக் குழி வெட்டி, கட்டில் விரிப்பைக் கபனாகச் சுற்றி, தனியே ஜனாஸா தொழுது, தலையை வடக்கே வைத்து முகத்தை மேற்கே திருப்பி அடக்கினேன். கம்பளையில் பிறந்தவனுக்குத் தொழும் திசையான கிப்லா மேற்கு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு குறையுமில்லாமல் அடக்கியதாக அவன் உம்மாவுக்கு எழுதினேன்.

பனி உருகியதும் தோல் வாங்க ஒரு சிரியாக்காரர் வந்தார். மத்தியான லுஹர் தொழுகைக்குக் குசினியில் பாய் விரித்துக் கிழக்கே பார்த்து நின்றார். அரபி பேசுகிறவனுக்குத் திசை தெரியவில்லையே என்று இளக்காரத்தோடு அவரை மேற்கே திருப்பினேன். அவர் கோபிக்கவில்லை. மாப்பலகையில் விரலால் கீறினார்: இங்கே நாம், கிழக்கே ஒரு கடல், அதைத் தாண்டி மக்கா. ஓர் ஊரையே மடையர் என்று ஏசித் திரிந்த எனக்கு மேல் ஒரு மடையன் இல்லை. காசிமின் கதையைச் சொல்லி, தோண்டித் திருப்பலாமா என்று கேட்டேன். நிய்யத்தை, உன் மனசின் எண்ணத்தை, அல்லாஹ் அறிவான்; மௌத்தானவனை அப்படியே விடு என்றார்.

இந்தக் கிழமை அந்த உம்மாவின் கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பேச்சு அவருடையது: "மகன், எனக்கு வேறொண்டும் வாணாம். எண்ட புள்ளட மொகத்த கிப்லாப் பக்கம் வெச்சித்தானே அடக்கினீங்க?"

நான் இப்போது கிழக்கே பார்த்துத் தொழுகிறேன். என் முதுகுக்குப் பின்னால், ஆலைக்கு அப்பால், காசிம் இன்னும் கம்பளைக் கிப்லாவைப் பார்த்துக் கிடக்கிறான். "ஓம் உம்மா" என்றுதான் பதில் எழுதினேன். கெலிஓயாவில் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.