வெள்ளையாகக் கிடந்த இடம்

என் கணவர் விசைப்படகில் சிராங்கு. படகை ஓட்டிப்போவதும், எங்கே வலை இறக்குவது, எப்போது திரும்புவது என்று முடிவெடுப்பதும் அவர்தான். தேங்காப்பட்டணத்திலிருந்து கிளம்பினால் ஒரு மாதத்துக்கு ஆளைப் பார்க்க முடியாது. மகள் ஹாஸ்டலில். வீட்டில் என்னை விட்டால் சத்தம் போடுவது மிக்சி மட்டும்தான்.

படகில் ஒரு சேட்டிலைட் போன் உண்டு. வாரத்தில் இரண்டு காலை, ஒரு நிமிடம் எனக்கு. கல்யாணமான நாளிலிருந்தே நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. ஆனால் நான் இயற்பியல் படித்தவள். மொபைலில் காற்றுப் படம் பார்க்கப் பழகிய பிறகு அவருக்கு என்னிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்தது.

“ஏட்டி, காத்து எப்பிடி கெடக்கு?”

மேற்கே கச்சான் காற்று பலக்கிறது, தெற்கே பரவாயில்லை என்று ஒரு ஆபீசர் மாதிரி சொல்வேன். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளினேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தப் படத்துக்குக் கணக்கு எடுக்கும் செயற்கைக்கோள் காற்றை நேராகப் பார்ப்பதில்லை. கடலை நோக்கி ரேடியோ அலையை அனுப்புகிறது. பால் டம்ளரை ஊதினால் மேலே சுருக்கம் விழுமே, அப்படிக் காற்று பட்டுச் சுருங்கிய தண்ணீர் அந்த அலையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். அதை வைத்துக் காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஒரே பார்வையில் கடல் முழுவதும் அகப்படாது. ஒரு சுற்றுக்கு ஒரு பட்டை, அடுத்த சுற்றுக்கு இன்னொரு பட்டை. நடுவில் விட்டுப்போன இடம் படத்தில் வெள்ளையாக நிற்கும். நீலம் என்றால் காற்று குறைவு. சிவப்பு என்றால் ஓடிவிட வேண்டும். வெள்ளை என்றால் ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிந்து போயிருந்த முதல் பயணம் அது. போனில் இரைச்சலுக்கு நடுவே இருக்கும் இடத்தைச் சொன்னார். லட்சத்தீவுக்கு வடக்கே.

“மானம் கறுத்துட்டு வருது. மீனும் நல்லா விழுது. கரைக்கு ஓடவா, கெடக்கவா?”

படத்தைப் பார்த்தேன். அவர் நின்ற இடம் வெள்ளை. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் இளம்பச்சை. எச்சரிக்கை எதுவும் வந்திருக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. தெரியாது என்று சொல்கிறவளிடம் அடுத்த வாரம் எதற்குக் கேட்பார்?

“காத்து இல்ல. கெடக்கலாம்,” என்றேன்.

“கொள்ளாம்,” என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் இருந்த திருப்தியில், எனக்கு மட்டும்தானே என்று வாங்காமல் விட்டிருந்த மீனை வாங்கி வந்து குழம்பு வைத்தேன்.

சாயங்காலம் அடுத்த பட்டை வந்தது. காலையில் வெள்ளையாக இருந்த இடம் சிவந்து கிடந்தது. பேட்டரிக்காக அவர்கள் போனை அணைத்து வைப்பார்கள். நாம் கூப்பிட்டால் கிடைக்காது. இருந்தும் கூப்பிட்டேன். படகில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி அடுத்த தெருவில்தான் இருந்தாள். கடைக்குப் போகவே பயமாக இருந்தது, எதிரே வந்து “காத்து எப்பிடிக்கா?” என்று கேட்டுவிடுவாளோ என்று.

நான்கு நாள் கழித்து, கர்நாடகத்தில் ஒரு துறைமுகத்திலிருந்து யாருடைய மொபைலிலோ பேசினார். வலை போய்விட்டது. ஒருவருக்குக் கை முறிந்திருந்தது. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

ரயிலில் வந்து சேர்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. குளித்தார், சாப்பிட்டார். படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை என்று நானே உளறிக் கொட்டினேன். அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்லா.”

இப்போது காற்று விவரம் படகு முதலாளியிடம் கேட்டுக்கொள்கிறார். எனக்கான ஒரு நிமிடத்தை நிறுத்தவில்லை, அந்த அளவுக்கு நல்ல மனுஷன். சாப்பிட்டியா என்பார். சாப்பிட்டேன் என்பேன். மகள் பேசினாளா என்பார். பேசினாள் என்பேன். அதற்குப் பிறகும் அரை நிமிடம் மிச்சம் இருக்கும். இருவரும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நிற்போம்.

“வைக்கட்டா?” என்பார்.

“வையுங்க.”