எடை போடாத மீன்

ஒற்றைக் கண்ணோடு போய்க் காலுறை மில்லில் வேலை வாங்கினாள். ஒற்றைக் கண்ணுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது என்று சொன்ன அதிகாரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மலைப்பாதையில் லாரியை இறக்கிக் காட்டி உரிமத்தை வாங்கினாள். பெண்களைச் சேர்ப்பதில்லை என்றிருந்த மீன்பிடிச் சங்கத்தில் சேர்ந்தாள். மீனைத் தொட்டியில் அடைத்துக்கொண்டு பகலெல்லாம் அலைகிறார்களே என்று ஒரே பருவத்தில் தானாகவே விலகினாள். கணவன் கார்ல் புரூயிட் இறந்த வாரம் அவனுடைய அண்ணன் வந்து, பொம்பளைக்கு எதற்குப் படகு என்று விலை பேசினான். படகுச் சாவியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவனுக்கு வயிறாரச் சோறு போட்டு அனுப்பிவைத்தாள்.

யாரும் கேட்காமலேயே இந்தப் பட்டியலைச் சொல்பவர் அவளுடைய அண்ணன் வெர்லன் ரேக்ஸ்டேல். ஏரிக்கரையில் டூலி ஹிக்ஸனின் தூண்டில் கடையில் உட்கார்ந்து, காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். வரிசை மாறாது, ஒரு சொல் கூடாது, குறையாது. தங்கை நெல்டா பக்கத்தில் இருந்தால், "அண்ணே, பிஸ்கட்டுல ஊத்தின குழம்பு உறைஞ்சு போகுது, தின்னு" என்பாள். அதற்கு மேல் அந்தப் பட்டியலைப் பற்றி அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

விடிகாலையில் படகுத்துறையில் மற்றவர்கள் மோட்டாரை உறுமவிட்டுக் கொண்டிருக்கும்போது, நெல்டா இரண்டு ஃப்ளாஸ்க்குகளைத் திறப்பாள். ஒன்றில் காபி, மற்றதில் வெந்நீர். பாக்கெட்டுக்குள் மடங்கிக் கிடந்து வால் கோணிப்போன, தூண்டிலில் இரையாகக் கோர்க்கிற ரப்பர் மீனை, ஃப்ளாஸ்க் மூடியில் ஊற்றிய வெந்நீரில் ஒரு முக்கு முக்கினால் வால் நிமிர்ந்துவிடும். வெர்லன் ஒருமுறை அந்த மூடியைத் தன்னுடைய காபி என்று எண்ணி ஒரு மடக்கு குடித்துவிட்டார். அன்று மாலைவரை அவர் ஏப்பத்தில் ரப்பரும், மீனை ஈர்க்க அதில் ஏற்றிய சோம்பும் மணந்தன. "இன்னிக்கு நீயே தண்ணில எறங்கு அண்ணே, எல்லா மீனும் உம் பின்னாடிதான் வரும்" என்றாள்.

ரப்பர் மீன் உள்ளங்கை நீளம் இருக்கும். வயிற்றில் ஒரு கீறல், பின்னால் துடுப்பு மாதிரி வால். தூண்டில் முள்ளின் கழுத்தில் சிறு சுருள்கம்பி, நடுத்தண்டில் ஈயம். சுருளை மீனின் மூக்கில், நட்டநடுவில் வைத்துத் திருகி ஏற்றுவாள். பிறகு முள்ளை மீனுக்குப் பக்கவாட்டில் வைத்து அளந்து, முனை வெளிவர வேண்டிய இடத்தை நகத்தால் குறிப்பாள். வயிற்றுக் கீறல் வழியாக நுழைத்து முதுகில் எடுப்பாள். பாசி மாட்டாமலிருக்க முனையைத் தோலுக்கடியில் மயிரிழை அளவு புதைப்பாள். கடைசியில் தூண்டில் நரம்பைப் பிடித்துத் தொங்கவிட்டு, வலது கண்ணுக்கு நேராக வைத்துப் பார்ப்பாள். ரப்பர் துளி சுருங்கிக் கூன் போட்டிருந்தாலும் தண்ணீரில் அது மல்லாந்து சுழலும். அவர்கள் தேடி வருகிற பாஸ் மீன் எதுவும் சீண்டாது. கழற்றி முதலிலிருந்து கோர்ப்பாள்.

"நீங்கல்லாம் நேரா இருக்கான்னு பாக்கணும்னா ஒரு கண்ணை மூடணும். எனக்கு அந்த வேலை மிச்சம்" என்பாள்.

இடது கண் சின்ன வயதில் அம்மையில் போனது. மில்லில் அவள் தைத்தது காலுறையின் விரல்முனை. அங்கே தையல் கோணினால் போடுகிறவரின் விரலைக் கடிக்கும் என்பதால், நேராக வரும்வரை பிரித்துத் தைக்கிற பழக்கம் அவளிடம் ஊறிவிட்டது. மில் மூடும்வரை அங்கேதான் இருந்தாள். கட்டிப் போகும் மூட்டைச் சீட்டுகளில் அவளுடைய எண் இருக்கும், பெயர் இருக்காது. இதை மட்டும் வெர்லன் பட்டியலில் சேர்ப்பதில்லை.

அவர் மனம் டூலி கடைச் சுவரையே சுற்றிச்சுற்றி வந்ததற்கு இதுதான் காரணம். தராசுக்குப் பின்னால் வெள்ளையடித்த பலகைகள் உண்டு. ஏரியில் பத்துப் பவுண்டும் அதற்கு மேலும் பிடித்தவர்கள் தங்கள் கையாலேயே பெயர், எடை, தேதி எழுதுவார்கள். அதன் கீழே சாட்சி ஒருவரும் எழுத வேண்டும். டூலியின் அப்பா காலத்து வழக்கம். கடைசிப் பலகையில் ஒரு சாண் இடம்தான் பாக்கி, அதற்குப் பிறகு பலகை அடிக்கப் போவதில்லை என்று டூலி சொல்லிவிட்டான். அந்த இடம் நிரம்புவதற்குள் தங்கையின் பெயர் அங்கே ஏற வேண்டும். வெர்லனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அவளோ மீனைத் தராசுக்குக் கொண்டுவர மாட்டாள். படகோரமாகவே முள்ளைக் கழற்றி, அதன் கன்னத்தை நீரில் வைத்துப் பிடித்திருந்து, வாலை அசைக்கத் தொடங்கியதும் விட்டுவிடுவாள். எத்தனை பவுண்டு இருக்கும் என்று கேட்டால், "அது இருக்கற எடத்துல எடை சரியாத்தான் இருக்கு" என்பாள். வாழ்நாளில் ஒரு மீனின் எடையையும் அவள் வாய் சொன்னதில்லை. அவளுக்கும் சேர்த்து வெர்லன் சொன்னார்: பன்னிரண்டு இருக்கும், பதின்மூன்றுக்குக் குறையாது, என் கண்ணால் பார்த்தேன். கடையில் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். "தங்கச்சி தண்ணில விட்ட மீனு அண்ணன் வாயில வளருது" என்பான் டூலி. சிரிப்பு அடங்க நேரமாகும். வெர்லன் பொய் சொல்லத் தெரியாதவர். மரவாடியில் அளவுகோலோடு காலம் கழித்தவர். கால் அங்குலம் பிசகினாலும் பலகையைத் திருப்பி அனுப்பியவர். அந்தச் சிரிப்பு அவர் முதுகுக்குப் பின்னால் வீடுவரை வரும்.

அவருக்கு மீன்பிடிக்கக் கை வரவில்லை என்பதும் ஊரறிந்தது. நீர்ப்பாசியின் தலையை உரசியும் உரசாமலும் ரப்பர் மீனை மெதுவாக, ஒரே சீராகச் சுற்றி இழுத்து வர வேண்டும். மீன் முதலில் வாலைத்தான் தட்டும். அந்தத் தட்டலுக்கே வெர்லன் கோலை வெடுக்கென்று இழுத்துவிடுவார். ரப்பர் மீன் அதன் வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். "தட்டினா சும்மா சுத்து அண்ணே. பாரம் வந்தப்புறம் சாய்ச்சு இழு. கதவு தட்டற சத்தத்துக்கே வீட்டை விட்டு ஓடறியே" என்று நெல்டா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அந்தக் கை கேட்கவில்லை.

அந்த மார்ச் மாதச் சனிக்கிழமை காற்றில்லை. கரையில் செவ்வரும்பு மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. பாசி அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. நெல்டா முன்னிருக்கையில், வெர்லன் பின்னிருக்கையில். அவர் மடியில் திறந்த சாசேஜ் டப்பாவும் உப்பு பிஸ்கட்டும். கை தன்பாட்டுக்கு ரீலைச் சுற்ற, வாய் சுவரைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தது. போன வாரம் யாரோ ஒரு டென்னசிக்காரன் வந்து எழுதிவிட்டுப் போய்விட்டான், இன்னும் நாலு விரல்கடை இடம்தான் இருக்கிறது, ஒரே ஒரு மீன், ஒரே ஒரு தடவை, செத்தா போய்விடும்? சொல்லிக்கொண்டே போனதில் மீன் வந்து தட்டியது அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் சுற்றிக்கொண்டே இருந்தார். கோல் வளைந்து தண்ணீரைத் தொட்டது.

"இப்ப இழு" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

டப்பா கவிழ்ந்தது. நெல்டா கைவலையோடு பின்னால் வந்தபோது, மீன் ஒருமுறை மேலெழுந்து வாயைத் திறந்து தலையை உதறியது. அந்த வாய்க்குள் காபிக் கோப்பை போகும். வலையில் விழுந்தபின் வெர்லன் அதைத் தாடையில் பிடித்துத் தூக்கினார். மணிக்கட்டு வலித்தது. முட்டை நிறைந்த வயிறு இரு பக்கமும் புடைத்துத் தொங்கியது.

நெல்டா, மீனை உயிரோடு வைக்கும் படகுத் தொட்டியின் மூடியைத் திறந்தாள், நீரேற்றும் பொறியைத் தட்டிவிட்டாள். கடை இருந்த திசையில் படகைத் திருப்பச் சுக்கானில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்னம்மா பண்ண?" என்றார்.

"உம் மீனு அண்ணே. நீ சொல்லு."

டூலியின் முகம் அவருக்கு நினைவு வந்தது. தராசின் முள் நகர்வதும், கட்டிய கைகள் அவிழ்வதும் தெரிந்தன. பிறகு மீனின் வயிற்றைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். முழங்கால் மடக்கிக் குனிந்து, தங்கை செய்வதைப் போலவே அதன் கன்னத்தைத் தண்ணீரில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். வால் ஒருமுறை அசைந்தது. விட்டார்.

நெல்டா தொட்டியை மூடினாள்.

ஐஸ் வாங்கக் கடைக்குப் போனபோது வெர்லன் வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தார். முடியவில்லை. ஒரு மீன் வந்தது என்றார். டூலி காபிக் குவளையை வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தான்.

"யாருக்கு வந்துச்சு, வெர்லண்ணே?"

"எனக்கு."

"தராசு இங்கதான இருக்கு. மீனு எங்க?"

விட்டுவிட்டேன் என்றார். கடை குலுங்கியது. குடும்பத்துக்கே மீன் தங்காது போல என்றது ஒரு குரல். வெர்லனின் காது மடல்கள் சிவந்தன. தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் திருகினார். எடையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நெல்டா ஐஸ் பையைக் கீழே வைத்தாள். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பக்கம் அவள் போனதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. நூலில் தொங்கிய பேனாவை எடுத்தாள்.

"அண்ணே, இங்க வா. பேரை எழுது."

"எடை போடலியே, நெல்டா" என்றான் டூலி. குரலில் கேலி குறைந்திருந்தது.

"அந்த எடத்தைக் காலியா விட்டுட்டா போச்சு. மீனை நான் பாத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு மீனையும் தன் மீன் என்று வந்து சொல்லாதவள் சொல்கிறாள். இனி எடை வேண்டாம் என்பதுபோல் டூலி கையை நீட்டித் தராசுக்கு மேலிருந்த விளக்கை அணைத்தான்.

வெர்லன் தன் பெயரை மரவாடி எழுத்தில் கட்டம் கட்டமாக எழுதினார்.

இப்போது முழங்கால் வலி; அவர் படகில் ஏறுவதில்லை. அவள் தனியாகத்தான் போகிறாள். ஆனாலும் பின்னிருக்கையில் இரண்டாவது கோல் கிடக்கிறது, அதில் நேராகக் கோர்த்த ரப்பர் மீன் ஒன்று. அவர் கடையில் உட்கார்ந்து, துறையை ஒரு கண்ணாலும் பலகையை ஒரு கண்ணாலும் பார்க்கிறார். பட்டியலைச் சொல்லும்போது அந்தச் சனிக்கிழமையையும் கடைசியில் சேர்த்துக்கொள்கிறார். எடைக்கு விட்ட இடம் காலியாகவே இருக்கிறது. அதன் கீழே, வலது கண் பலகையைத் தொடும்படி குனிந்து, தையல் போல நேராக அவள் எழுதியது அழியாமல் இருக்கிறது:

சாட்சி, நெல்டா புரூயிட். 26 மார்ச் 2011.